ஜப்பான் கப்பலும் என் வெறுங்காலும்

வரலாறு தெரிந்தவனைக் கால்பந்து அணியில் சேர்க்கவே கூடாது. சேர்த்த பாவத்துக்கு எங்கள் ராயபுரம் அணி மொத்தமும் கால் வெந்து கிடந்தது.

எழுபத்தொன்று கோடை. நான் துறைமுகத்தில் குமாஸ்தா. அடுத்த புதன்கிழமை எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் கல்யாணம். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. "ஊரே பாக்கும், என் பொண்ணு பக்கத்துல ராஜா மாரி நிக்கணும் நைனா" என்று மாமனார் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து, இரும்புத்தாது ஏற்ற வந்த ஜப்பான் கப்பல்காரர்கள் எங்களை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் கேப்டன் ஸ்டெல்லாவின் அண்ணன் அந்தோணி, கிரேன் ஓட்டுபவர்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். டீக்கடை பெஞ்சில் ஏறி, இந்தியக் கால்பந்தின் பெருமையை மேடைத் தமிழில் முழங்கினேன். "ஐம்பத்தொன்றில் ஆசியத் தங்கம்! ஐம்பத்தாறு ஒலிம்பிக்கில் நான்காம் இடம்! அறுபத்திரண்டில் ஜகார்த்தாவில் மறுபடி தங்கம்! போன டிசம்பரில் பாங்காக்கில் இதே ஜப்பானை வீழ்த்தி வெண்கலம்!" அதோடு விட்டேனா? நாற்பத்தெட்டில் லண்டனில் நம்மவர்கள் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரனை வாய்பிளக்க வைத்ததைச் சொல்லி, நாமும் பூட்ஸைக் கழற்றுவோம் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் மூன்று மணி. கரித்தூள் படிந்த மைதானம் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. விசில் ஊதியதும் எங்கள் ஆட்கள் ஓடவில்லை, குதித்தார்கள். கோல்கீப்பர் கம்பத்தைக் கட்டிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார். ஏதோ நம்மூர்ச் சடங்கு போலிருக்கிறது என்று ஜப்பான்காரர்கள் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தார்கள். அப்புறம் கோல் போட ஆரம்பித்தார்கள்.

இடைவேளையில் அந்தோணி வாளித் தண்ணீரில் காலை விட்டபடி கேட்டார்.

"மச்சான், லண்டன்ல வெறுங்கால்ல ஆடுனாங்கன்னியே, ஜெயிச்சது யாரு?"

"பிரான்ஸு."

"இன்னாது?"

"நாம ரெண்டு பெனால்டிய வுட்டுட்டோம்..."

"அத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னாடா கய்தே!" (மாப்பிள்ளை மரியாதை அத்தோடு போயிற்று.)

இரண்டாம் பாதியில் எங்களுக்கும் ஒரு பெனால்டி கிடைத்தது. வரலாற்றைத் திருத்துகிறேன் பேர்வழி என்று நானே அடித்தேன். பந்தை அல்ல, தரையை. கட்டைவிரல் நகம் பெயர்ந்து, கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது.

புதன்கிழமை கோட்டு சூட்டும் டையுமாக, செருப்புகூட நுழையாத கட்டுக்காலோடு பீடத்தை நோக்கி நொண்டினேன். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. மாமனார் பக்கம் திரும்ப எனக்குத் தைரியமில்லை. ஸ்டெல்லா என் காலையே பார்த்தாள். பிறகு வெள்ளைப் புடவைக்குக் கீழே தன் ஷூவைச் சத்தமில்லாமல் கழற்றி ஓரமாகத் தள்ளினாள்.

"நீ மட்டும் ஒண்டியா வெறுங்கால்ல நின்னா நல்லாவா கீது?" என்றாள், உதடு அசையாமல்.

எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. (கால் வலியால் அழுகிறேன் என்று சாமியார் நாற்காலி போடச் சொன்னார்.)

இன்றைக்கும் டிவியில் இந்தியா ஒரு கோல் வாங்கினால் போதும், பேரப்பிள்ளைகள் சமையலறைப் பக்கம் காதைத் தீட்டிக்கொள்வார்கள். தவறாமல் ஸ்டெல்லாவின் குரல் வரும்.

"அந்தப் பசங்கள ஷூவ கய்ட்டிட்டு ஆடச் சொல்லுங்க!"