மாதிரிக் குடிமகன்

வெண்குடை நாட்டில் மழை பெய்தால்கூட, அரண்மனை இணையதளம் அதை அறிவித்த பிறகுதான் மக்கள் குடை பிடிக்கலாம். அப்படி ஒரு சட்டம் இருந்தது. அந்தத் தளத்தைக் கட்டிக் காத்தவள் நப்பின்னை.

அவள் கணவன் கார்வண்ணன் ஆற்றின் மறுகரைக்கு வேலைக்குப் போயிருந்தான். அவன் போன மறுவாரமே, அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் ஆற்றைக் கடக்கக் கூடாது என்று ஆணை பிறந்தது. சீட்டு தளத்தில் மட்டுமே கிடைக்கும். தளம் விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளும், பதில் தராது. பதில் தர வேண்டிய அதிகாரிகள் எல்லோரும் தளத்தின் ஆண்டு விழா ஏற்பாட்டில் இருந்தார்கள்.

எட்டு மாதமாக, தினமும் உச்சிவேளையில் மறுகரையில் ஒரு பச்சைத் துண்டு அசையும். அலுவலக மாடியிலிருந்து நப்பின்னை முந்தானையை அசைப்பாள். அவர்கள் குடித்தனம் அவ்வளவுதான்.

ஒருநாள் அமைச்சர் புகழ்மாறன் பட்டியலோடு வந்தார்.

"அம்மணி, மாமன்னர் மூன்றே மூன்று சின்ன மாற்றம் கேட்கிறார். ஒன்று, மின்சாரம் இல்லாத ஊர்களிலும் தளம் திறக்க வேண்டும்."

"எதில் திறக்கும் ஐயா?"

"அது உங்கள் துறை. இரண்டு, மக்கள் விண்ணப்பம் எழுதும் முன்பே அது தீர்ந்திருக்க வேண்டும். மூன்று, குறைப்பெட்டி எல்லோர் கண்ணுக்கும் தெரியலாம். குறை உள்ளவர் கண்ணுக்கு மட்டும் தெரியக் கூடாது. நாளை மறுநாள் அவையில் காட்டுங்கள்."

அந்த அரண்மனையில் 'முடியாது' என்று சொல்லும் வழக்கம் இல்லை. 'வேலை நடக்கிறது' என்பார்கள். நப்பின்னையும் அதையே சொன்னாள்.

அவையில் காட்டுவதற்கென்று வெறும் மாதிரிப் பக்கம் ஒன்று செய்தாள். அதற்கு ஒரு குடிமகனின் பெயர் வேண்டியிருந்தது. விரல்கள் தாமாகவே தட்டின: 'வணக்கம், கார்வண்ணன். உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. நீங்கள் வீடு திரும்பிவிட்டீர்கள். குறைகள்: இல்லை.' அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவையில் மன்னர் ஒவ்வொரு பொத்தானாகத் தட்டினார். ஒவ்வொரு முறையும் அதே பக்கம் வந்தது.

"எதைத் தட்டினாலும் நல்ல செய்தியே வருகிறதே!"

"இது மாதிரிதான், மாமன்னரே. பின்னால் ஒன்றும் இல்லை."

"பின்னால் எதற்கு? மக்கள் முன்னால்தானே நிற்கிறார்கள்?"

அவை கைதட்டியது. பழைய தளமும் அதிலிருந்த நான்கு லட்சம் விண்ணப்பங்களும் அன்றே அழிக்கப்பட்டன; மாதிரிப் பக்கமே நாட்டின் தளமானது. மின்சாரம் இல்லாத ஊர்களில் மாதிரிப் பக்கத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்கள்.

ஓடத்துறையில் ஒருத்தி கெஞ்சினாள். "ஐயா, நான் கார்வண்ணன் இல்லைங்க. என் பேரு செங்கமலம். அக்கரையில என் பிள்ளைக்குக் காய்ச்சல்."

"கார்வண்ணன்னுதானே போட்டிருக்கு? நீ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாச்சு தாயி, நகரு" என்றான் காவலன்.

நப்பின்னை புகழ்மாறனிடம் ஓடினாள். "ஐயா, என் கணவருக்கு மட்டுமாவது கையால் எழுதி ஒரு சீட்டு..."

"அவர் திரும்பிவிட்டாரே அம்மணி! நாடே வாசித்ததே."

"மறுகரையில் நின்று துண்டு அசைக்கிறார் ஐயா. இன்றைக்கும் பார்த்தேன்."

அமைச்சரின் முகம் மாறியது. "அப்படியானால் அவன் கார்வண்ணன் பெயரில் திரிகிற ஆள்மாறாட்டக்காரன். நல்லவேளை, சொன்னீர்கள்."

மறுநாள் உச்சிவேளையில் மறுகரையில் ஒன்றும் அசையவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

அடுத்த மாதம் தேர்தல் வந்தது. வாக்களிக்கப் போனவர்களை அதே பக்கம் வரவேற்றது. கூடுதலாக ஒரு வரி மட்டும் இருந்தது: 'உங்கள் வாக்கு பதிவாகிவிட்டது.' மன்னர் ஒருமனதாக வென்றார்.

வெற்றி விழாவுக்கு முன் மன்னர், மேளதாளத்தோடு நப்பின்னையின் வீட்டுக்கே வந்தார், நாட்டின் முதல் திருப்தியான குடிமகனுக்கு மாலை போட. கூடத்தில் ஒரு காலி நாற்காலி கிடந்தது. புகழ்மாறன் ஒரு கணம் தயங்கிவிட்டு, மாலையை அதன் முதுகில் தொங்கவிட்டார்.

"கார்வண்ணா, குறை ஏதும் உண்டா?" என்று கேட்டார் மன்னர்.

நாற்காலி 'உண்டு' என்று சொல்லவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

நப்பின்னை சன்னலைப் பார்த்தாள். உச்சிவேளை ஆகியிருந்தது.