ஹில்டாவுக்கு ரெண்டேமுக்கால்

திருச்சியில் எந்தப் பெண்ணின் முகத்தையும் பார்க்காமல், எல்லாப் பெண்களின் ரகசியத்தையும் தெரிந்துவைத்திருந்த ஒரே ஆள் எங்கள் வளையல்காரர்தான். மலைக்கோட்டைக்குக் கீழே, பகலிலும் டியூப்லைட் எரியும் சந்துக்கடை அவருடையது. பெயர் யாருக்கும் தெரியாது. வளையலைப் போட்டுப் பார்க்காமல் கண்ணாலேயே கையை அளந்துவிடுவதால் 'கண்ணளவு' என்போம்.

முகம் அவருக்கு நினைவில் நிற்காது. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஒருமுறை பக்கத்தில் நின்று வணக்கம் சொன்னேன். யாரோ என்பதுபோல் பார்த்தார். கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியதும் முகம் மலர்ந்துவிட்டது. "அடடே, ரெண்டேகால் அம்மாவா? இப்ப ரெண்டரை ஆயிட்டீங்களே" என்றார், பஸ் முழுவதற்கும் கேட்கும்படி. சொன்னது வளையல் அளவைத்தான். ஆனாலும் ஒரு வாரம் நான் சோற்றைக் குறைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாததும் உண்டு. மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்காரர் ஒருவர் நிச்சயமான மகளோடு வந்திருந்தார். கண்ணளவு அந்தப் பெண்ணின் கையைப் பார்த்துவிட்டு, கல்யாண வளையல் இப்போது வேண்டாம், பதினைந்து நாள் போகட்டும் என்றார். பத்தாம் நாள் அவள் தனக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள். ரைஸ்மில்காரர் சண்டைக்கு வந்தார். இவர், என்றைக்காவது மகள் வீட்டுக்கு வரும்போது போடுங்கள் என்று, அவள் அளவில் அன்றைக்கே எடுத்துவைத்திருந்த வளையல் டப்பாவை நீட்டினார். மனிதர் கத்த வந்ததை மறந்து அதை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்தச் சந்தில் பல பெண்கள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார்கள். நானும்தான்.

என் மகள் கயல் ஜெர்மனியில் இருக்கிறாள். கணவன் யோனாஸ் அந்த ஊர்க்காரன். அவள் மாசமாகி ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. பிரசவத்துக்குத்தான் நான் போக முடியும். அதனால் வளைகாப்புக்கு வளையலை அனுப்பிவிட்டு ஃபோனில் பார்ப்பது என்று ஏற்பாடு. அங்கே வளையல் போட்டுவிட இருக்கிற ஒரே பெரியவர் என் சம்பந்தியம்மா ஹில்டா. அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். அவர்கள் ஊரில் பிறந்தநாள் வாழ்த்தைக்கூட ஒரு நாள் முன்னால் சொல்ல மாட்டார்களாம், கெடுதலாம். பிறக்காத குழந்தைக்கு விழா எடுப்பதா என்று பதறினாராம். நான் பொரிந்து தள்ளினேன். கயலோ, "அவங்க இல்லாம எனக்கு வேணாம்மா, விட்டுரு" என்று அழுதாள். தாயும் பக்கத்தில் இல்லாமல், வளைகாப்பும் இல்லாமல் என் பெண் பிள்ளை பெறுவதா? எனக்கு மனசு ஆறவில்லை.

வீம்புக்குக் கடைக்குப் போனேன். கண்ணளவு கையைப் பார்க்காமல் வளையல் தர மாட்டாரே! வீடியோ காலில் கயலைக் கையை நீட்டச் சொன்னேன். வீங்கியிருக்கிறது, ரெண்டரை சரியாக இருக்கும் என்றார். அந்த நேரம் திரையில் இன்னொரு கை வந்து காபிக் கோப்பையை வைத்தது. கயலைப் பார்க்க வந்திருந்த ஹில்டாவின் கை. கோப்பையை வைத்ததும், அந்தக் கை மேசை முனைக்கும் கயலின் வயிற்றுக்கும் நடுவே ஒரு கணம் நின்று, விலகியது.

கண்ணளவு அந்தக் கையை மறுபடி காட்டச் சொன்னார். ஹில்டா சிரித்துக்கொண்டே நீட்டினார். இவர் மூச்சுப்பட்டுத் திரை மங்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"இந்தக் கை ஒரு பிள்ளையைப் பறிகொடுத்திருக்குங்க. ஏழாம் மாசம்."

பதறிப்போய் ஃபோனைத் துண்டிக்கப் போனேன். அதற்குள் ஹில்டா என்ன சொல்கிறார் என்று கேட்க, பொய் சொல்லத் தெரியாத என் மகள் சொல்லியும் விட்டாள். இருவரும் அசையவில்லை. நெட் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். கோப்பையிலிருந்து ஆவி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு ஹில்டா பேசினார். கயல் திக்கித் திக்கித் தமிழில் சொன்னாள். யோனாஸுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தையாம். ஏழாம் மாதத்தில் தொட்டில் வாங்கி, அறைக்கு வண்ணம் அடித்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கேக் வெட்டியிருக்கிறார்கள். அந்த வாரமே போய்விட்டதாம். முந்திக்கொண்டு கொண்டாடியதால்தான் என்று இன்றுவரை நம்புகிறார். யோனாஸுக்கே இது தெரியாது.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கண்ணளவிடம் கேட்டேன். வயிற்றில் இடிக்காமல் அந்தக் கை மேசை முனையை மறைத்ததே, அது பழைய பயம் என்றார். தன் மனைவியின் கையும் மாசமான பெண்ணைக் கண்டால் அப்படித்தான் போகுமாம். சரி, ஏழாம் மாதம் என்று எப்படித் தெரியும் என்றேன். பதிலுக்கு அவர் ஃபோனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"கொண்டாடினதால போகலைன்னு அவங்ககிட்ட சொல்லும்மா. சீசன் நேரம், கடையை விட முடியாதுன்னு நான் என் சம்சாரத்துக்கு வளைகாப்பே போடல. அப்பவும் ஏழாம் மாசத்துல போச்சு."

கயல் அழுதுகொண்டே அதைச் சொன்னாள். கண்ணளவு அவளுக்குச் சிவப்பும் பச்சையுமாகக் கட்டினார். தனியாக ஒரு டஜன் பச்சை வளையல், ரெண்டேமுக்கால் அளவில். அது ஹில்டாவுக்கு.

வளைகாப்பை அவர் கடையிலிருந்துதான் பார்த்தேன். தானும் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். ஹில்டா வந்திருந்தார். கை நிறையப் பச்சை வளையலோடு, கயலுக்கு முதல் வளையலை அவரே போட்டுவிட்டார்.

அப்போது கடைக்குள் வளையல்கள் ஒலித்தன. காற்று இல்லை, ஃபேன் ஓடவில்லை, எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. திடுக்கிட்டுத் திரும்பினேன். கண்ணளவு வளையல் அடுக்கைப் பிடித்தபடி நின்றிருந்தார். நடுங்கிக்கொண்டிருந்தது அவர் கைதான்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டு விசேஷத்தில் வீட்டு மனிதர் அழுதால் வேறென்ன செய்வது?