எனக்காகக் கறுப்பு உடுத்தியவர்

அப்பர் மாரோ
ஜனவரி, மழை நாள்

பெருமதிப்புக்குரிய அக்கா ஹொனோரியா அவர்களுக்கு,

தம்பி தியோஃபிலஸ் பணிவுடன் எழுதுவது. பாத் நகரத்து வெந்நீர் ஊற்றில் உங்கள் முழங்கால் தேறிவருகிறதென நம்புகிறேன். இங்கே மகள் லெட்டிஸ் நலம், பசுவும் நலம். நான் வசந்தத்தைப் பார்க்கமாட்டேன் என்று வைத்தியர் பிளாக்கெட் சொல்லிவிட்டார். மார்பில் காதை வைத்துக் கேட்டார், என் மதுவைக் குடித்து முடித்தார், பிறகு சொன்னார்.

போவதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்த வீடு ஆண் வாரிசுக்குத்தான் சேரும் என்று நம் தாத்தா எழுதிவைத்துப் போனது உங்களுக்குத் தெரியும். நான் கண்ணை மூடினால், நாம் பார்த்தேயிராத ஆம்ப்ரோஸ் காரோ என்கிற தூரத்து உறவுக்காரர் வந்து கதவைத் திறப்பார். லெட்டிஸ் பெட்டியோடு வெளியே நிற்பாள். ஆகவே உயிர் இருக்கும்போதே அவளை ஒருவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டுமென்று, டிசம்பரில் விடுதி மாடியில் நடந்த ஊர் நடனத்துக்குக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அழைத்துப் போனேன். குன்றின் மேலுள்ள மாளிகையைப் புதிதாக வாடகைக்கு எடுத்திருக்கும் பணக்காரர் மிஸ்டர் லாங்ஸ்டாஃப் வருவார் என்று பேச்சு. போய்ப் பார்த்தால் புதுமுகங்கள் இரண்டு. ஒருவர் எல்லோரிடமும் சிரித்தார், பரிமாறுகிறவளுக்கு நன்றி சொன்னார், பிடில்காரனிடம் பிள்ளைகள் சௌக்கியமா என்று விசாரித்தார். மற்றவர் தலை முதல் கால் வரை கறுப்பு. கணப்பை விட்டு நகரவில்லை, ஆடவில்லை, ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இதில் பணக்காரர் யார் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். பக்கத்து வீட்டு மிஸஸ் டஃப்னெல் என் காதில், "அந்தத் திமிரப் பாத்தீங்களா? நிலபுலன் இல்லாதவனுக்கு இப்படி நிக்க வருமா?" என்றாள்.

அப்போது நடனத்தை நடத்துகிறவர் வந்து, "அதோ சிரிச்சிக்கிட்டிருக்காரே, அவர் உங்க பொண்ணோட ஆடணும்னு கேக்கறார். அறிமுகம் செஞ்சு வைக்கட்டுமா?" என்றார். அந்த ஆளை நான் ஒயின் வியாபாரி என்று முடிவு செய்திருந்தேன். பெயரைச் சொல்ல வாய் திறந்தவரைத் தடுத்து, "என் பொண்ணுக்குக் கால் வலி" என்றேன். ஒருவரை மறுத்த பெண் அன்றிரவு வேறு யாரோடும் ஆடக்கூடாது என்கிற விதி, வாயை மூடிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. இனிக் கறுப்புக் கோட்டுக்காரரே வந்து கேட்டாலும் அவள் எழுந்திருக்க முடியாது.

"அப்பா, எனக்குக் கால் வலியே இல்ல."

"தெரியும். சும்மா உக்காரு."

"அவர் முகம் நல்லா இருந்துது."

"நல்ல முகமெல்லாம் எதையாவது விக்க வந்த முகம்."

விடியும் மட்டும் உட்கார்ந்திருந்தாள். மிஸஸ் டஃப்னெல் தன் மகளை அந்தச் சிரிப்பு மனிதரோடு ஆட விட்டாள்; மகள் பெரிய அழகி இல்லை என்பதால், கேட்டவர் யாரென்று அவள் பார்க்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் எங்கள் பக்கம் வந்து, "லெட்டிஸ் கண்ணு, அந்த நாற்காலிக்கே இப்ப கால் வலிக்குமே" என்று விசாரித்துவிட்டுப் போனாள். நான் ஒயின் வியாபாரி என்று நினைத்தவர்தான் லாங்ஸ்டாஃப். அவருக்கும் டஃப்னெல் பெண்ணுக்கும் திருமணம் என்று இப்போது ஞாயிறுதோறும் தேவாலயத்தில் அறிவிக்கிறார்கள். நாங்கள் முன்வரிசையில் அமர்ந்து கேட்கிறோம்.

நடனத்துக்கு மறுநாள் காலை இது எதுவும் எனக்குத் தெரியாது. கறுப்புக் கோட்டுக்காரர் எங்கள் வாசலில் வந்து நிற்கவும், பெண் கேட்டுத்தான் வந்திருக்கிறார் என்று லெட்டிஸை நீல கவுன் மாற்றச் சொல்லி அனுப்பிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். உள்ளே வந்தவர் என்னைப் பார்த்ததும் வெளுத்துப்போய், யாரும் சொல்லாமலே நாற்காலியில் விழுந்தார்.

"துக்கத்துல இருக்கீங்க போல. நெருங்கின சொந்தமா?" என்றேன்.

"தூரத்துச் சொந்தம் ஐயா. பார்த்ததுகூட இல்ல."

"யாரு?"

தொப்பியைக் கையில் திருப்பினார். "மன்னிக்கணும். நீங்கதான்."

நம் வக்கீல் முன்யோசனைக்காரர். வைத்தியரின் முகத்தைப் பார்த்தவுடனேயே, நான் போய்விட்டதாக வாரிசுக்கு எழுதிவிட்டிருக்கிறார். ஆம்ப்ரோஸ் காரோ வடக்கே ஒரு பள்ளியில் உதவி ஆசிரியர். பையன்களோடு ஒரு கட்டில்தான் அவருக்கு அங்கே வீடு. இருந்த ஒரே நல்ல கோட்டுக்கு எனக்காகக் கறுப்புச் சாயம் போட்டுக்கொண்டு வண்டியேறி வந்திருக்கிறார். அவர் தங்கிய விடுதியில் நெருப்பு எரிந்தது நடனம் நடந்த மாடியில் மட்டும்; குளிர் காயப் போனார். துக்கத்தில் இருப்பவர் ஆடக்கூடாது. யாரும் அறிமுகம் செய்து வைக்காததால் பேசவும் கூடாது. நின்றார்.

நீல கவுனோடு வந்த லெட்டிஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ்வளவு தூரம் வந்தும் அப்பா சாகலையேன்னு வருத்தமா?" என்றாள்.

"வருத்தமில்ல மிஸ். கொஞ்சம் சங்கடம்" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். பள்ளி விடுமுறை தொடங்கியதிலிருந்து அவர் தினம் வருகிறார். இப்போது இருவரும் மனம் ஒத்துப்போயிருக்கிறார்கள். உடனே திருமணத்தை முடித்துக்கொண்டு இங்கேயே இருங்கள் என்றேன். "மாமனார் வீட்டுச் சோத்துக்கு வந்தவன்னு ஊர் பேசும் ஐயா. வேண்டாம். வீடு எனக்குன்னு வர்ற அன்னிக்கு அவளைக் கூட்டிக்கிட்டு வந்து வாழறேன்" என்றார். சொன்னது தன் காதிலேயே விழுந்து, சிவந்துபோய், "அவசரமில்ல ஐயா" என்று சேர்த்துக்கொண்டார். பணக்காரர் என்று நினைத்தது பிழை. திமிர் என்று நினைத்தது சரிதான்.

ஆக எல்லாம் கூடிவந்துவிட்டது; என் பங்கு ஒன்றுதான் பாக்கி. உங்களிடம் ஒரே வேண்டுகோள். நான் போனபின், துக்க மாதங்கள் கழியும்வரை, மணமாகாத பெண் மணமாகாதவர் வீட்டில் இருக்க முடியாது. லெட்டிஸை உங்கள் மாடி அறையில் வைத்துக்கொண்டு, பிறகு மணப்பெண்ணாக அனுப்பிவையுங்கள். இது ஒன்று உறுதியானால் நான் நிம்மதியாகக் கிளம்புவேன். அத்தானுக்கு என் மரியாதை. கடவுள் உங்கள் முழங்காலையும் குடும்பத்தையும் காக்கட்டும்.

என்றும் பணிவுள்ள தம்பி,
தியோஃபிலஸ் காரோ

பி.கு.: மாடி அறையைத் தயார் செய்ய வேண்டாம். கடிதத்தை மடிக்கப்போகும் நேரத்தில் பிளாக்கெட் வந்து, மறுபடி மார்பில் காதை வைத்து, வெறும் குளிர்காலச் சளி என்கிறார். நுரையீரல் குதிரையுடையதைப் போல இருக்கிறதாம். இன்னும் இருபது வருஷத்துக்குக் கவலையே இல்லை என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போது லெட்டிஸுக்கு நாற்பத்தாறு வயது. வைத்தியரைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டேன். இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. கீழே லெட்டிஸும் ஆம்ப்ரோஸும் முழங்காலிட்டு என் உடல்நலத்துக்காக ஜெபம் செய்கிறார்கள். ஆம்ப்ரோஸின் குரல்தான் அதிகம் உருகுகிறது. ஆமென் சொல்லி முடித்ததும், அவர்களுக்குக் கேட்கும்படி கொஞ்சம் இருமினேன்.