முள்ளரும் பெரியப்பாவின் காதும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே தேசிக்காயில், அதாவது எலுமிச்சங்காயில், ஓடும் கமரா வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் முள்ளர்தான். குடாநாடு என்று அடக்கத்துக்காகச் சொல்கிறேன். உலகத்திலேயே என்று சொன்னாலும் மறுக்க ஆள் வராது.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் ஊரான மானிப்பாயில் அது யாருக்கும் தெரியாது. அவருடைய பழைய கமராவுக்குள் வெளிச்சத்தை அளக்க மயிர்போல ஒரு முள் இருந்தது. "முள் அசையுதில்லை", "முள் நடுவுக்கு வரட்டும்" என்று நாள் முழுக்க ஒரே பாட்டு. ஆகவே முள்ளர்.

தொண்ணூறில் யுத்தத்துக்குப் பயந்து காங்கேசன்துறைச் சனம் இடம்பெயர்ந்தபோது மற்றவர்கள் சட்டி பானை, பாய், ஆடு என்று கொண்டுவந்தார்கள். இவர் கழுத்தில் மூன்று கமராக்களுடன் மனைவியின் பின்னால் வந்து, எங்கள் வளவுக் கொட்டிலில் குடியேறினார். அன்றைக்கே மனைவி பூமணியக்கா எங்கள் அம்மாவிடம் வந்து ஒரு பானை கேட்டார்.

"உந்த மனிசன் பானையை விட்டிட்டுக் கமராவைத் தூக்கினது. இனிக் கமராவிலைதான் உலை வைக்கவேணும்."

அந்த நாள்களில் குடாநாட்டுக்குள் பற்றறி கொண்டுவரத் தடை. சைக்கிள் டைனமோவில் றேடியோ ஓட்டிச் செய்தி கேட்ட காலம். முள்ளரின் கமராவுக்கோ சட்டைப் பொத்தான் அளவில் ஒரு விசேஷப் பற்றறி வேண்டும். வெயிலைப் பார்த்துக் குத்துமதிப்பாக எடுத்தால் என்ன என்று ஸ்ரூடியோக்காரர் ஒருவர் கேட்டுவிட்டார்.

"குத்துமதிப்பாப் படம் எடுக்கிறவன் குத்துமதிப்பாத் தாலியும் கட்டுவான்!" என்று சொல்லிவிட்டு வந்த முள்ளர், பிறகு அந்த ஸ்ரூடியோ இருந்த தெருவாலேயே போகவில்லை.

தானே ஒன்று செய்வதென்று இறங்கினார். தெருவில் கிடந்த வெற்றுத் துப்பாக்கி ரவைக் கோதை எடுத்து மோதிரம் மோதிரமாக அறுத்தார். யுத்தத்தால் விளைந்த ஒரே நன்மை அதுதான். வளையத்துக்குள் ஒரு சட்டைப் பொத்தானை இறுக்கி, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றினால் பொய்ப் பற்றறி தயார். அதைக் கமராவின் வயிற்றில் வைத்து இரண்டு வயரை வெளியே இழுத்தார். வயருக்கு மின்சாரம் கொடுக்கத்தான் ஏதாவது வேண்டும்.

முதலில், செத்துப்போன ரோச் லைற் பற்றறிகளை உப்புத் தண்ணீரில் அவித்தார், அம்மா கொடுத்த பானையில். பூமணியக்கா இரண்டாவது பானை கேட்டு வந்தார். பிறகு ஒரு கலியாண வீட்டில் சைக்கிள் டைனமோவை மாட்டி, மாப்பிள்ளைத் தோழனை மிதிக்கவைத்தார். தோழனின் வேட்டி சங்கிலியில் சிக்கியது. அந்தப் படத்தில் தோழன் இல்லை. வேட்டி மட்டும் தெளிவாக இருக்கிறது.

கடைசியில்தான் தேசிக்காய். செம்புக் கம்பியும் துத்தநாகம் பூசிய ஆணியும் குத்திய இரண்டு தேசிக்காய்கள் கமராவில் தொங்கின. முள் அசைந்தது! ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் அதைக் கண்ட பெண்கள், "நாவூறு படாமல் கட்டியிருக்குப் போலை" என்றார்கள். ஒரு மூதாட்டி தேசிக்காயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதரின் கையில் என் தங்கச்சி வசந்தியின் கலியாணம் போய்ச் சேர்ந்தது.

மாப்பிள்ளை கனடாவில். அவருடைய மாமி உடுவிலிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். பெடியன் கலர்ப்படம் கேட்கிறான் என்றும் தகவல். ஊரில் கலர் பிலிம் எங்கே? முள்ளரின் கமராவில் மட்டும், ஒரேயொரு படம் எடுக்க மிச்சமிருந்தது. எத்தனையோ பேர் கெஞ்சியும் கொடுக்காமல் வைத்திருந்தார். அம்மா கேட்குமுன் அவரே வந்தார்.

"வசந்திக்கெண்டால் எடுப்பம்."

அன்று காலை முற்றத்தில் கதிரை போட்டு வசந்தியை இருத்தினார்கள். முள்ளர், அம்மா சமைத்துக்கொண்டு நின்ற குசினி வாசலுக்கு வந்து, "அக்கா, என்ரை பற்றறி எங்கை?" என்றார். யன்னலில் வைத்திருந்த தேசிக்காய்களைக் காணவில்லை. அம்மாவின் முகம் வெளுத்தது. விறாந்தையில் உடுவில் மாமி ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்:

"தேசிக்காய்த் தண்ணி நல்லாயிருக்கு. ஒரு ஆணி வாசம் மட்டும் வருது."

வளவு மரத்தில் பிஞ்சுதான் மிச்சம். பிஞ்சுக்கு முள் மசியாது. முள்ளர் திகைத்துப்போய் விறாந்தையைப் பார்த்தார். அங்கே மாமிக்கு முன்னால் எங்கள் பெரியப்பா இருந்தார். அப்பா இல்லாத வீட்டில் பெண்ணைப் பற்றிக் கதைக்கவேண்டியவர் அவர்தான். அவருக்குக் காது கேட்காது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவிக்கு லண்டன் மகன் யாரிடமாவது கொடுத்தனுப்பும் பொத்தான் பற்றறி. முள்ளரின் கண் அந்தக் காதில் போய் நின்றது.

"ஐயா, உங்கடை காது மிசினை ஒருக்காத் தாங்கோ. துடைச்சுத் தாறன்."

பெரியப்பா பெருந்தன்மையாகக் கழற்றிக் கொடுத்தார். முற்றத்தில் இருந்த வசந்தியையே பார்த்துக்கொண்டிருந்த மாமி இதைக் கவனிக்கவில்லை. ரவைக் கோது வளையத்துக்குள் அந்தப் பற்றறி அளந்து செய்ததுபோல இருந்தது. முள்ளர் முற்றத்துக்கு ஓடினார். மாமி விசாரணையைத் தொடங்கினார்.

"பிள்ளை கோவக்காரியோ?"

தனக்குக் கேட்காது என்று காட்டிக்கொள்வது பெரியப்பாவின் வழக்கமல்ல. பெண் பார்க்க வருபவர்கள் முதலில் சங்கீதத்தைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார்.

"ஓம் ஓம். சின்ன வயசிலை இருந்தே. எங்கடை குடும்பத்துக்கு அது பரம்பரையா வாறது."

மாமியின் கையில் கிளாஸ் அப்படியே நின்றது. "வீட்டிலை சண்டை கிண்டை பிடிக்குமோ?"

"தனியச் செய்யாது. ஆரும் பக்கத்திலை இருந்து தாளம் போட்டால் விடியுமட்டும் நிப்பாட்டாது."

"ஐயோ, எங்கடை பெடியன் சாதுவான பிள்ளை!"

"அதுக்கென்ன? அவருக்கும் பழக்கிவிடும்."

நான் தூணுக்குப் பின்னால் நின்று கையைக் காலை ஆட்டினேன். பெரியப்பா எனக்கும் தலையாட்டினார். அம்மா கதவைப் பிடித்தபடி முருகனைக் கூப்பிட்டார். முற்றத்தில் அசையாமல் இருக்கச் சொல்லப்பட்ட வசந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அடக்கி அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. கொண்டை குலுங்க வாய்விட்டுச் சிரித்தாள்.

"முள் வந்திட்டுது!" என்று முள்ளர் கத்தினார். கிளிக். கடைசிப் படமும் முடிந்தது.

"அந்த வாயோடையே எடுத்தனீர்?" என்று அம்மா பாய்ந்தார்.

"வெளிச்சம் சரியக்கா. மற்றது என்ரை பகுதியில்லை."

பற்றறி திரும்பவும் கருவிக்குள் போனது. பெரியப்பா அதை மாட்டிக்கொண்டு மாமியிடம், "என்ன, பிள்ளையை ஒரு பாட்டும் பாடச் சொல்லேல்லையோ?" என்று கேட்டார். மாமி அவருடைய காதைப் பார்த்தார், முள்ளரைப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். போகும்போது பிலிமைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்பிக் கழுவுவதாக ஏற்பாடு.

பதில் வர மாதக்கணக்காயிற்று. அம்மா முள்ளருடன் கதைக்கவில்லை. பூமணியக்கா இருவருக்கும் சேர்த்துக் கதைத்தார். ஒருநாள் கிணற்றடியில் முள்ளர் என்னிடம் மெல்லச் சொன்னார்:

"தம்பி, அந்தப் பிள்ளையின்ரை காரியம் குழம்பிச்சுதெண்டால் நான் இனிக் கமராவைத் தொடமாட்டன்."

அன்றைக்குத்தான் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதைக் கவனித்தேன்.

பிறகு ஒருநாள் உடுவில் மாமி படத்தின் பிரதியுடன் படலையைத் திறந்துகொண்டு வந்தார். "சோடிச்சு வைச்ச பொம்மைப் படங்கள் பெடியன் கனக்கப் பாத்திட்டானாம். இந்தப் பிள்ளையோடை கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு இருக்கலாம் போலை கிடக்காம்."

அம்மா அழுதார். முள்ளர் படத்தை வாங்கி வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "கதிரைக்குக் கீழை நிழல் சாடையாக் கறுத்துப்போச்சு" என்றார். படத்தைத் திருப்பித் தந்தார். கொட்டிலுக்குள் போய்விட்டார்.

வசந்தி கொழும்பு போய், கனடா போய்ச் சேர்ந்தாள். தொண்ணூற்றைந்தில் ஷெல்லுக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தபோது, நாவற்குழிப் பக்கம் மழையில், சனத்துக்குள் முள்ளரையும் பூமணியக்காவையும் தவறவிட்டோம். கிளிநொச்சியில் கண்டதாக ஒருவர் சொன்னார். மன்னாரில் என்றார் இன்னொருவர். இரண்டு இடத்திலும் விசாரித்தேன்.

எங்கே இருந்தாலும் அந்தக் கமரா விசர் பிடித்த மனிதருக்கு நல்ல வெயில் கிடைத்திருக்க வேண்டும்.