‘ம்’ செல்லாது!

“‘ம்’னு சொன்னா செல்லாது, அப்பா!”

சாப்பாட்டு மேசையில் மகள் இப்படி வெடித்ததும் லிப்ட் மெக்கானிக் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். அவருடைய சொல்வளம் மொத்தமே மூன்றுதான்: ‘ம்’, ‘சரி’, ‘பாக்கலாம்’. கல்யாணமான நாளிலிருந்து குடும்ப வண்டி இந்த மூன்றிலேயே ஓடிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க மொட்டை மாடி இயந்திர அறையில் தனியாக வேலை பார்க்கிற மனிதருக்கு நாலாவது சொல் எதற்கு?

“ஏன் செல்லாது?”

“ஸ்கூல்ல சொல்வளப் போட்டி வெச்சிருக்காங்கப்பா. தினம் ஒரு ரகசிய வார்த்தை. அதை நான் சொல்லக் கூடாது. நீங்க பேசும்போது அதுவா உங்க வாயில வந்தா எனக்கு ஒரு நட்சத்திரம். மூணாம் வகுப்புல எல்லாரும் வாங்கிட்டாங்க, நான்தான் ஒண்ணுகூட வாங்கல. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அதுக்குள்ள வாங்கலேன்னா என் மானமே போயிடும்!”

“அம்மா சொல்லட்டுமே.”

“அம்மா வார்த்தை கணக்கு இல்ல. அவங்கதான் எல்லா வார்த்தையும் பேசறாங்களே!”

அடுப்படியில் பாத்திரம் நங்கென்று விழுந்தது.

மகளின் கண் கலங்கியது. பெற்ற பெண் வகுப்பில் தலைகுனிந்து நிற்பதா? அவர் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்.

“மேசை. நாற்காலி. கரண்டி. மழை. மாடு...”

“அடுக்கக் கூடாதுப்பா! பேச்சுல வரணும்!”

அன்றே அலமாரியைக் குடைந்து ஒரு பழைய அகராதியைப் பிடித்தார். மறுநாள் காலை, தட்டு வைத்த மனைவியைப் பார்த்து, “இன்றைய உணவு மகத்தானது. உன் கைவண்ணம் ஈடு இணையற்றது” என்று எடுத்து விட்டார்.

மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “சுரம் இல்லையே! என்னங்க, வெளியில என்ன தப்பு பண்ணிட்டு வந்தீங்க? மறைக்காம சொல்லுங்க.”

மகள் உதட்டைப் பிதுக்கினாள். அன்றும் நட்சத்திரம் இல்லை.

பயிற்சி போதவில்லை என்று முடிவு கட்டினார். அகராதியை வேலைக்கே எடுத்துப் போனார். மின்சாரம் போய் லிப்ட் பாதியில் நின்ற நேரம் அது. கை பழுது பார்க்க, வாய் ‘அ’ வரிசையை உரக்கப் பாடம் பண்ணியது.

“அபாயம்! அழிவு! அதலபாதாளம்!”

லிப்டுக்குள் ஒரு வக்கீல் மாட்டிக்கொண்டிருந்தது இவருக்குத் தெரியாது. இருட்டில், தலைக்கு மேலிருந்து ‘அதலபாதாளம்’ என்று குரல் வந்தால் எந்த வக்கீல் தாங்குவார்? கடைசி நேரம் வந்துவிட்டது என்று நம்பி, மனைவிக்குப் போன் போட்டு, இத்தனை வருஷமாக மறைத்த அத்தனையையும் ஒப்புக்கொண்டார். அவர் பேசி முடிக்கவும் லிப்ட் பத்திரமாகக் கீழே இறங்கவும் சரியாக இருந்தது.

மேலாளர் தலையிலடித்துக்கொண்டார். “என்னய்யா இது! நீ வாயே திறக்கறதில்லைன்னு இத்தனை நாள் புகார். இப்ப திறந்துட்டேன்னு புகார்! போய் அந்த வக்கீல் வீட்டம்மாகிட்ட நீயே பேசி சமாதானம் பண்ணு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!”

அவரும் போய்ப் பேசினார். “அம்மா, சார் பயத்துல உளறிட்டார். அவர் சொன்னதுல பாதிதான் நிஜமா இருக்கும்.”

“எந்தப் பாதி?” என்றாள் அந்த அம்மாள்.

அன்றிரவு வக்கீல் தன் அலுவலகத்திலேயே படுத்துக்கொண்டார்.

வேலை போகப்போகிறது என்ற கலக்கத்தில், வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் நடந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தார். வக்கீல் மாதிரி கைகூப்பினார், மேலாளர் மாதிரி குதித்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி ஈரக் கையோடு வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்புறம் என்னங்க ஆச்சு?”

“ஆகறதென்ன? மேலயும் போகாம கீழயும் வராம மனுஷன் அந்தரத்துல தொங்கறார்...”

“அந்தரம்!” மகள் நாற்காலி மேல் ஏறிக் கத்தினாள். “அதான் வார்த்தை! அப்பா சொல்லிட்டீங்க!”

மூவரும் சேர்ந்து குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டினார். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் முதல் நட்சத்திரம் ஏறியது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

மறுநாள் வக்கீலின் மனைவியே மேலாளரைக் கூப்பிட்டு, உண்மை வெளிவந்ததற்கு நன்றி சொன்னதில் வேலையும் தப்பியது. அதையும் வீட்டில் சொன்னார், அதற்கும் ஒரு நட்சத்திரம் கிடைத்தது. அப்புறம் மடை திறந்த வெள்ளம்தான். இயந்திர அறைப் புறாக்கள், சின்ன வயதில் குளத்தில் தொலைத்த செருப்பு என்று பேசிக்கொண்டே போனார். பேசப் பேச நட்சத்திரம் விழுந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை, பெற்றோர் கூட்டத்துக்கு அவரே முதல் ஆளாகப் போய் நின்றார்.

“டீச்சர், இந்தச் சொல்வளப் போட்டியைக் கண்டுபிடிச்ச உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்! என் பொண்ணு இப்ப என்னமா பேசறா தெரியுமா? நானே...” என்று ஆரம்பித்து அவர் நிறுத்தவே இல்லை. பின்னால் வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது.

அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் ஆசிரியை மெல்லக் கேட்டாள்:

“எந்தப் போட்டி சார்? நாங்க அப்படி எதுவும் வெக்கலையே. போன வாரம் உங்க வீட்டம்மா வந்து, நட்சத்திர ஸ்டிக்கர் எந்தக் கடையில கிடைக்கும்னு மட்டும் கேட்டுட்டுப் போனாங்க.”