மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்ட கட்டம் பாய்

ஆயக்குடிக் கொய்யாத் தோப்பு வேலையை விட்டுவிட்டு, பாதித் தூரம் லாரியிலும் மீதித் தூரம் காலிலுமாகத் திண்டுக்கல்லுக்குள் வந்துகொண்டிருந்தேன். அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை. பேகம்பூரில் ஒரு டைப்பிங் கடை வாசலில் தண்ணீர்ப் பானையைப் பார்த்து நின்றேன். பேராசிரியர்கள் எழுதியதை அடித்துத் தள்ளிவிட்டு, அவர்களிடமே கும்பிடும் வாங்கிய மனிதர் இந்த மாவட்டத்தில் ஒருவர்தான். அவர் அந்தக் கடைக்குள் இருந்தார்.

ஊர் அவரைக் கட்டம் பாய் என்றது. சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. அந்த எண்பதுகளில் விஞ்ஞான மாநாட்டில் பேச வேண்டுமானால் முதலில் ஆய்வுச் சுருக்கம் அனுப்ப வேண்டும். அதற்கென்று நீலக் கோட்டில் கட்டம் போட்ட ஒரே ஒரு தாள் கொடுப்பார்கள். எல்லாம் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. அந்தத் தாளையே படம்பிடித்து அச்சடித்துவிடுவார்கள். கை நடுங்காமல் அதை அடித்துக் கொடுக்க, சுற்றுவட்டாரத்தில் பாயை விட்டால் ஆள் கிடையாது.

தாளைத் தொடுமுன் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார். மின்விசிறியை நிறுத்துவார். எதிர்ப் பூட்டுப் பட்டறையில் அரம் ஓடினால் நிறுத்தச் சொல்லி அனுப்புவார். அவர்களும் நிறுத்துவார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எழுதிக் கொண்டுவந்ததை அப்படியே அடிக்க மாட்டார் என்பதுதான் தொல்லை. வாயால் சொல்லச் சொல்வார். சொல்லத் தொடங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அவர் மூச்சு விடுவதற்குள் என்ன செய்தோம், என்ன கிடைத்தது என்று முடித்துவிட வேண்டும். ஒரு வேதியியல் பேராசிரியர், பண்டைக் காலம் தொட்டே என்று ஆரம்பித்தாராம். பாயின் முகம் சிவந்து கண் பிதுங்கியதும், கொலைக் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து முடிவை ஒரே வரியில் கத்திவிட்டாராம். பாய் மூச்சை விட்டுவிட்டு அந்த வரியைத்தான் அடித்தாராம்.

நான் போனபோது வேளாண்மை ஆராய்ச்சி செய்யும் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கொய்யாவில் விழும் பழ ஈயைப் பற்றி மூன்று வருட ஆராய்ச்சி. இரண்டு தடவை சுருக்கம் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவதும் திரும்பினால் ஆராய்ச்சியை மூட்டை கட்டும்படி கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். மாலை ரயிலில் கவர் ஏறியாக வேண்டும்.

பாய் அவர் எழுதியதன் கடைசி வரியில் விரலை வைத்தார். முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும் என்று இருந்தது.

"இலையப் போட்டு உக்கார வச்சுட்டு, வெஞ்சனத்தப் பத்திப் பின்னால பேசுவோம்னா எவன்மா உக்காந்திருப்பான்?"

அந்த அம்மா குனிந்துகொண்டார். கிடைத்த முடிவு ரொம்பச் சின்னது, சொன்னால் சிரிப்பார்கள் என்றார். பாய் இரண்டு தடவை மூச்சைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு தடவையும் அந்த அம்மா பூச்சியின் குடும்பப் பெயரைத் தாண்டவில்லை. மூன்றாவது தடவை பிடிக்கத் தெம்பில்லாமல், வாசலில் தண்ணீர் டம்ளரோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"அப்பு, எங்கருந்து வார?"

ஆயக்குடித் தோப்பிலிருந்து என்றேன். விழுந்த பழம் பொறுக்கும் வேலை, முதுகு தாங்கவில்லை என்றும் சொன்னேன். அந்த அம்மா சட்டென்று நிமிர்ந்தார்.

"இவருகிட்டச் சொல்லுங்கம்மா. இவருக்கு வெளங்குனாப் போதும்."

எனக்குச் சொல்ல அந்த அம்மாவுக்குக் கூச்சமில்லை. தோப்பில் ஒரு பங்கு மரங்களுக்கு மருந்து அடித்தார்களாம். ஒரு பங்கில் விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி ஆழமாகப் புதைத்தார்களாம். ஒரு பங்கைச் சும்மா விட்டார்களாம். சும்மா விட்டதில் புழு கூடியது. மற்ற இரண்டிலும் ஒரே அளவுக்குக் குறைந்தது.

"அப்ப மருந்தே வேணாம்ல. அன்னன்னைக்குப் பொறுக்கிப் பொதைச்சா அம்புட்டுத்தான்" என்றேன். "முதுகு போயிரும்."

"முதுகுக்குக் கட்டத்துல எடமில்ல" என்று பாய் கை கழுவப் போனார்.

அந்த அம்மா நோட்டைப் பார்த்து அளவுகளைச் சொன்னார். பாய் இங்கிலீஷில் தட்டினார். செய்தது, கிடைத்தது, கடைசியில் நான் சொன்னது. ஒரு பிழையில்லை. அடியில் இரண்டு வரி இடம் மிச்சம். மேலும் ஆய்வு தேவை என்று சேர்க்கலாமா என்று அந்த அம்மா கேட்டார்.

"காலியாக் கெடக்கட்டும்மா. படிக்கிறவன் செத்த நேரம் மூச்சு விடட்டும்."

அந்த அம்மாவும் நானும் குதிரைவண்டியில் ஸ்டேஷனுக்குப் போனோம். கவர் மடங்காமல் இரு கையிலும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரயிலடித் தபால் ஆபீசில் பையை இன்னும் கட்டவில்லை. முத்திரை விழுந்த சத்தம் கேட்டதும் அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தார். எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து, மாநாட்டில் பேச வரச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்தது.

அன்று ஸ்டேஷனிலேயே படுத்தேன். மறுநாள் காலை பாயிடம் போய் வேலை கேட்டேன். படிப்பு எவ்வளவு என்றார். ஆறாவது பாதி என்றேன்.

"அதுக்கு மேல படிச்சிராத" என்று பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வருகிறவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும், விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதுதான் வேலை. எத்தனையோ ஊரில், ஒன்றும் தெரியாதவன் என்று என்னை விரட்டியிருக்கிறார்கள். தெரியாததற்காக நாற்காலி போட்டு உட்கார வைத்தவர் கட்டம் பாய் ஒருவர்தான்.