ஆக்ஸலாட்டலுக்கு ஓர் அறை

உயிரே போனாலும் பின்னறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக் பல் தேய்க்கும்போதே முடிவு கட்டிவிட்டார். ஞாயிறு மதியம் அவர் காலை நீட்டித் தூங்க இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் அது. அங்கே மனைவி தையல் வகுப்பு தொடங்கப்போகிறாளாம். மூன்று மெஷின், ஒரு வெட்டுமேசை, வாய் ஓயாத மாணவிகள். நேருக்கு நேர் "முடியாது" என்று சொல்லும் தைரியம் கல்யாணமான புதிதிலேயே அவருக்கு இல்லை. இப்போது எங்கிருந்து வரும்? அதனால் வாயில்லா ஜீவன் ஒன்றை முன்னால் நிறுத்தினார்.

ஆக்ஸலாட்டல். தண்ணீருக்குள்ளேயே வாழும். நாலு கால், தலையின் இருபுறமும் இறகு மாதிரி செவுள், எந்நேரமும் சிரித்த முகம். அதற்குப் பின்னறைதான் தோது என்று அறிவித்துக் காரணங்களையும் அள்ளி விட்டார். இருட்டு வேண்டும். அமைதி வேண்டும். பக்கத்தில் மெஷின் அதிர்ந்தால் இரை இறங்காது. தண்ணீர் ஜில்லென்று இருக்கவேண்டும். சூடானால் உயிருக்கே ஆபத்து.

அவள் ஊசியில் நூல் கோத்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள். "பாவம், நல்லா வளரட்டும்" என்றாள். மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை.

கண்ணாடித் தொட்டி வந்தது. கல் போட்டால் விழுங்கிவிடும் என்று மாவு போன்ற மணலாகப் பார்த்து அலசிப் பரப்பினார். செடி நட்டார். காலையில் அத்தனையும் மேலே மிதந்தன. மறுபடி நட்டார், மறுபடி மிதந்தன. ஆளையே மேலும் கீழும் அனுப்பத் தெரிந்த மனிதருக்கு நாலு செடியைக் கீழே நிறுத்தத் தெரியவில்லை. கடைசியில் அவள்தான் வந்து, செடிகளை ஒரு மரக்கட்டையோடு சேர்த்து நூலால் கட்டித் தந்தாள். எதிராளியே நமக்குக் கோட்டை கட்டுகிறாளே என்று அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

தண்ணீர் பக்குவப்படச் சில வாரங்கள் ஆயின. பிராணியை வாங்கக் கிளம்பும் நேரத்தில் அவள் தொட்டிக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தாள்.

"எவ்வளவு சூடு தாங்கும்னு சொன்னீங்க?"

"பதினெட்டு. மிஞ்சிப் போனா இருபது."

"இருபத்தெட்டு காட்டுதே."

மதிய வெயில் முழுவதும் அந்தச் சுவரில்தான் அடிக்கும். இத்தனை வருஷம் அங்கே வேர்த்து வழியத் தூங்கியும் அது அவருக்கு நினைவு வரவில்லை. ஃபேன் வைக்கலாமே என்று முனகினார்.

"சத்தம் ஆகாதுன்னீங்களே. வீட்ல ஏசி இருக்கறது நம்ம படுக்கையறைல மட்டும்தான். இருட்டும் அங்கதான், அமைதியும் அங்கதான். உசிரு விஷயங்க."

விடிந்ததும் ஏசியை அணைத்துவிட்டு அவளை வேர்க்க விடுகிறவர் அவர். இனி அது பகலெல்லாம் ஓடும். மறுக்க வாயெடுத்தால், அவர் சொன்னதையே அவர் மறுக்கவேண்டியிருந்தது. வாளி வாளியாக இறைத்து, தொட்டியைப் படுக்கையறைக்கு நகர்த்தி, மறுபடி நிரப்பினார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"கட்டையோட கட்டினது நல்லதாப் போச்சு, இல்ல?" என்றாள் அவள். "அப்படியே தூக்கி வச்சாச்சு."

அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. திரும்பிப் பார்த்தார். பின்னறையில் அதற்குள் மூன்று மெஷினும் வந்து உட்கார்ந்திருந்தன.

சாயங்காலம் ஆக்ஸலாட்டல் வந்து சேர்ந்தது. கட்டைக்கு அடியில் படுத்து அவரைப் பார்த்துச் சிரித்தது. கட்டிலில் சாயப்போனவரின் கையில் அவள் பாயையும் தலையணையையும் கொடுத்தாள்.

"நீங்க விடற குறட்டைல தொட்டியே அதிருமே. அதுக்கு ஆகாது."

"நான் எங்க போறது?"

"பின்னறை உங்களுக்குத்தான். மேசைக்கு அடியில இடம் விட்டிருக்கேன். காலைல பிள்ளைங்க வர்றதுக்குள்ள எழுந்துடுங்க."